ஊக்கு ஜோக்கு!

அஞ்சு நிமிஷம் என்பது எவ்வளவு நேரம்?

சிரிக்காதீங்க, சீரியஸாத்தான் கேக்கறேன். பரீட்சை ஹாலில் கடைசி அஞ்சு நிமிஷம் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் நின்னா, அதே அஞ்சு நிமிஷம் அரை மணி நேரமா இழுக்கும். ஆனால், கையில் மைக், எதிரில் நாற்பது பேர், அதில் ஒருத்தர்கூடச் சிரிக்கலைன்னா... அந்த அஞ்சு நிமிஷம் இருக்கே, அது ஒரு முழு ஆடி மாசம்!

நான் அந்த ஆடி மாசத்தைப் பார்த்தவள். 2023ல், பெங்களூருவில், ஒரு காபிக் கடை மாடியில். அப்போ எனக்கு வயசு முப்பத்தெட்டு. அதுக்கு முன்னாடி ரெண்டு நகைச்சுவை நாவல் எழுதியிருந்தேன். 'வயிறு வலிக்கச் சிரிச்சேன்' என்று எழுதிய வாசகர்களும் எனக்கு உண்டு. மொத்தம் பதினோரு பேர். அதில் ரெண்டு பேர் சொந்தக்காரங்க.

எழுதிச் சிரிக்க வெச்ச ஒருத்தி, நின்னு பேசிச் சிரிக்க வைக்கலாம்னு கிளம்பின கதை இது. இதில் நான் ஜெயிச்சேனா, தோத்தேனான்னு கடைசியில் நீங்களே சொல்லுங்க.

தாவணி என்னுது!

என் ஊர் ஓசூர். படிச்சது கிருஷ்ணகிரியில். தினமும் சூளகிரி வழியா பஸ்ஸில் ஐம்பது கிலோமீட்டர் போய், ஐம்பது கிலோமீட்டர் திரும்பி வரணும். 2003ல் நான் காலேஜில் சேர்ந்தப்போ அது தர்மபுரி மாவட்டம். 2006ல் வெளியே வந்தப்போ கிருஷ்ணகிரி மாவட்டம். நடுவில் 2004 பிப்ரவரி 9ம் தேதி மாவட்டத்தைப் பிரிச்சுட்டாங்க. ஒரு அடிகூட நகராமல் மாவட்டம் மாறின பெருமை எங்க பேட்சுக்கு உண்டு.

அந்த பஸ்ஸில் உட்கார்ந்துதான் எழுதப் பழகினேன். கலை விழா வந்தா நாடகம் எழுதித் தரும் ஆள் நான். எங்க கிளாஸ் பையன்கள் மூணு பேர் நடிப்பாங்க. ஹால் அதிரும். நான் திரைக்குப் பின்னாடி, ஸ்கிரிப்ட் பேப்பரோடு நின்னு, அடுத்த வசனத்தை வாய்க்குள்ளேயே சொல்லிக்கிட்டு இருப்பேன்.

ஒரு வருஷம் தைரியத்தை வரவழைச்சுக்கிட்டு, "டேய், இந்தத் தடவை அந்தப் பொண்ணு வேஷத்தை நானே பண்ணட்டுமா?"ன்னு கேட்டேன். பையன்கள் ஒருத்தனை ஒருத்தன் பார்த்துக்கிட்டாங்க. ஒருத்தன் ரொம்ப அன்பா சொன்னான், "நீ சூப்பரா எழுதற. ஆனா பொண்ணுங்க காமெடி பண்ணா யாரும் சிரிக்க மாட்டாங்க. பாவம், நீ எதுக்கு அசிங்கப்படணும்?"

கடைசியில் அந்தப் பொண்ணு வேஷத்தை அவனே போட்டான். கைத்தட்டல், விசில், முதல் பரிசு. அவன் கட்டியிருந்த தாவணி என்னுது. அது மேடையில் நழுவாமல் இருக்க நாலு இடத்தில் ஊக்கு குத்தி விட்டதும் நான்தான்.

அவன் கெட்டவன் இல்லைங்க. எங்க பக்கத்து வழக்கத்தைத்தான் அவன் சொன்னான். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழான்னா பாரதக் கூத்து நடக்கும். விடிய விடிய நடக்கும் கூத்தில் ஜனங்களைத் தூங்காமல் வைக்கிறவர் கட்டியங்காரன். ராஜாவையும் கிண்டல் பண்ணுவார், முன் வரிசையில் கொட்டாவி விடும் ஊர்ப் பெரியவரையும் கிண்டல் பண்ணுவார். இன்னிக்கு ஸ்டாண்ட்-அப் ஆளுங்க செய்யற வேலையை அவர் எப்பவோ செஞ்சுட்டார். ஆனால் காலம் காலமாக அந்தக் கட்டியங்காரனும் ஆண்தான், திரௌபதியும் ஆண்தான். புடவை கட்டின ஆண் ஜோக் அடிச்சா ஊரே சிரிக்கும். புடவை கட்டின பெண் அடிச்சா, 'யார் வீட்டுப் பொண்ணு இது, இவ்வளவு வாய்?' என்று கேக்கும்.

ரெண்டு வேலை, ஒரு ஆள்

அப்போ சிரிக்க வைக்கிற பெண்களே நம்மகிட்ட இல்லையா? நிறைய இருந்தாங்க. ஆனால் வேலை ரெண்டாகப் பிரிஞ்சு கிடந்தது.

எழுதினவங்க ஒரு பக்கம். ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்த குமுதினியைப் (1905-1986) பற்றிக் கேள்விப்பட்டிருக்கீங்களா? இயற்பெயர் ரங்கநாயகி. 'திவான் மகள்' என்ற நாவல் எழுதியவர். ஆனந்த விகடனில் எழுதியவர். 'அந்தப்புரத் தபால்' என்று புராணப் பெண்கள் தங்கள் வீட்டுக்குக் கடிதம் போடுவது மாதிரி எழுதினார். சீதை தன் அம்மாவுக்கு லெட்டர் போட்டா அதில் என்ன இருக்கும்? தத்துவமா? இல்லை, புடவைக் கவலை! மிதிலையிலிருந்து கல்யாணமாகி அயோத்திக்கு வந்த புது மருமகளுக்கு அதுதானே பெரிய பிரச்னை. அதைப் படிச்சிட்டு நான் பஸ்ஸில் சத்தமாச் சிரிச்சு, பக்கத்து சீட் அம்மா எழுந்து வேற சீட்டுக்குப் போயிட்டாங்க.

நடிச்சவங்க இன்னொரு பக்கம். நாடக மேடையில் வளர்ந்து, 1958ல் 'மாலையிட்ட மங்கை' மூலம் சினிமாவுக்கு வந்த மனோரமா ஆச்சி 2015ல் மறையும் வரைக்கும் நம்மைச் சிரிக்க வெச்சார். அந்த டைமிங்குக்கு ஈடு கிடையாது. ஆனால் சினிமாவில் அவர் பேசிய வசனங்களை எழுதினவங்க பெரும்பாலும் ஆண்கள்.

எழுதின பெண் மேடைக்கு வரலை. மேடைக்கு வந்த பெண், தானே எழுதலை. ரெண்டையும் ஒரே ஆள் செய்யணும் என்பதுதான் ஸ்டாண்ட்-அப். பட்டிமன்றத்தில் பாரதி பாஸ்கர் மாதிரி எழுத்தும் பேச்சும் கைவந்தவங்க இருக்காங்களேன்னு நீங்க கேக்கலாம். நியாயம்தான். ஆனால் அங்கே ஒரு தலைப்பு இருக்கு, அணி இருக்கு, காப்பாத்த ஒரு நடுவர் இருக்கார். ஸ்டாண்ட்-அப்பில் தலைப்பே நீங்கதான்!

எனக்கு இது முதலில் புரிஞ்சது தமிழில் இல்லை, கன்னடத்தில். எங்கம்மா ஆனேக்கல் பக்கத்துப் பொண்ணு. பார்டரைத் தாண்டி ஓசூருக்கு வாக்கப்பட்டு வந்தவங்க. லீவுக்கு அஜ்ஜி வீட்டுக்குப் போனா, பரணில் 'கொரவஞ்சி' என்ற பழைய கன்னடப் பத்திரிகையின் பைண்டு வால்யூம்கள் இருக்கும். 'ராஷி' என்ற பெயரில் எழுதிய டாக்டர் எம்.சிவராம் 1942ல் ஆரம்பித்த நகைச்சுவைப் பத்திரிகை அது. ஆர்.கே.லக்ஷ்மண் தன் இளமையில் அதற்குக் கார்ட்டூன் போட்டிருக்கார். அதில் டி.சுனந்தம்மா (1917-2006) என்ற பெண் எழுதியிருப்பாங்க. கணவன், மனைவி, மாமியார், சமையலறை... வீட்டுக்குள்ளே இருந்தே ஊரைச் சிரிக்க வெச்சவங்க. அஜ்ஜி எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுத் துடைச்சுச் சிரிக்கும்.

அதே அஜ்ஜி வீட்டு டி.வி.யில் 'ஹாஸ்ய சஞ்சே' ஓடும். சிரிப்பு மாலைன்னு வெச்சுக்குங்களேன். ஒரு மைக், ஒரு ஆள், ரெண்டாயிரம் பேர். கங்காவதி பிராணேஷ் பேசுவார். சுதா பரகூர் என்ற பெண்மணி வருவாங்க. பட்டுப்புடவையோடு, தலைநிறையப் பூவோடு, நின்ன இடத்தில் நின்னு கூட்டத்தை உருட்டி எடுப்பாங்க. யாரும் 'யார் வீட்டுப் பொண்ணு'ன்னு கேக்கலை. ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி நடக்குது, நமக்கு ஏன் நடக்கக் கூடாதுன்னு அப்பவே மனசில் ஒரு முள் விழுந்தது. அதை எடுக்கத்தான் இருபது வருஷம் ஆச்சு.

சத்தம் கேக்கணும்!

டிகிரி முடிச்சதும் சிப்காட்டில் வண்டி உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி டிபார்ட்மென்ட்டில் சேர்ந்தேன். இப்பவும் அங்கேதான். வேலை என்னன்னா, வர்ற பீஸை எல்லாம் கேஜ் போட்டுப் பார்ப்பது. எங்ககிட்ட 'கோ - நோ கோ' கேஜ் என்று ஒண்ணு இருக்கு. அதுக்கு ரெண்டு முனை. ஒரு முனை துளைக்குள் போகணும், இன்னொரு முனை போகக் கூடாது. போச்சா, போகலையா? அவ்வளவுதான் கேள்வி. 'பரவாயில்லை', 'முயற்சி நல்லா இருக்கு' என்ற பேச்சே கிடையாது. பீஸ் பாஸ், இல்லைன்னா ரிஜெக்‌ஷன் பின்.

ஷிஃப்ட் முடிஞ்சு ராத்திரியில் நாவல் எழுதுவேன். முதல் நாவலின் கதாநாயகி ஒரு அம்மா. ரோஜாத் தோட்டத்தில் வேலை பார்க்கும் அம்மா. யாரைப் பார்த்து எழுதினேன்னு சொல்லத் தேவையில்லை. எங்கம்மா பதினெட்டு வருஷம் ஓசூர் பக்கத்தில் பசுமைக் குடில்களில் ரோஜா வெட்டினவங்க. காதலர் தினத்துக்கு எங்க ஊரிலிருந்து சிவப்பு ரோஜா விமானம் ஏறுது இல்லையா, அந்தக் கூட்டத்தில் எங்கம்மா வெட்டினதும் இருக்கும். 'தாஜ்மஹால்' ரகம். தண்டு நீளம் பார்த்துப் பிரிச்சு, இருபது இருபதாக் கட்டி, குளிர் அறைக்கு அனுப்பணும். ஜனவரி கடைசியில் ஆரம்பிச்சா பிப்ரவரி பாதி வரை வீட்டில் சமையல் எங்கப்பாதான்.

நாவலை நாலு பேர் படிச்சாங்க, நல்லா இருக்குன்னாங்க. ஆனால் எனக்கு ஒரு குறை. எழுதறவளுக்குச் சிரிப்புச் சத்தம் கேக்காது. நீங்க எங்கேயோ கட்டிலில் படுத்துச் சிரிப்பீங்க, நான் இங்கே ஓசூரில் கேஜ் பிடிச்சுக்கிட்டு இருப்பேன். ஒரு தடவை ஒரு புத்தகக் கூட்டத்தில் என் நாவலிலிருந்து ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னாங்க. வாசிச்சேன். பின் வரிசையிலிருந்து ஒரு அம்மா 'ஹெஹ்ஹே'ன்னு வெடிச்சுச் சிரிச்சாங்க. அந்த ஒரு சத்தம்! அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. ரெண்டு நாவல் எழுதிக் கிடைக்காத சம்பளம் அந்த ஒரு 'ஹெஹ்ஹே'யில் கிடைச்சிடுச்சு.

2020ல் அமேசான் பிரைமில் 'காமிக்ஸ்தான் செம காமெடி பா' வந்தது. வீட்டிலேயே அடைஞ்சு கிடந்த நேரம். தமிழில், நம்ம பேச்சில், நின்னு பேசிச் சிரிக்க வைக்கிறாங்க. ஸ்காட்லாந்தில் ஏ.எல்.கென்னடி என்ற நாவலாசிரியை பற்றியும் படிச்சேன். 2007ல் 'டே' நாவலுக்காகக் காஸ்டா விருது வாங்கினவங்க. அவங்களும் ஸ்டாண்ட்-அப் மேடைகளில் ஏறினவங்க. ஆஹா, விருது வாங்கின நாவலாசிரியையே ஏறும்போது, பதினோரு வாசகர் கொண்ட நாவலாசிரியை ஏறினால் என்னன்னு கிளம்பிட்டேன்.

"அக்கா, புக்கு படிக்கிறீங்களா?"

ஓபன் மைக் என்றால் யார் வேணா பெயர் கொடுக்கலாம். ஆளுக்கு அஞ்சு நிமிஷம். நாலாவது நிமிஷம் முடிஞ்சா பின்னாலிருந்து ஒருத்தர் செல்போன் லைட்டைக் காட்டுவார். 'முடிச்சுக்கோ' என்று அர்த்தம். நான் போனது தமிழ் ஓபன் மைக். பர்ஃபார்ம் பண்றவங்ககிட்டேயே நூத்தம்பது ரூபாய் வாங்கினாங்க. கல்யாணத்துக்குப் போய்ச் சமைச்சும் கொடுத்து மொய்யும் எழுதின மாதிரி!

ஜூஜுவாடி, அத்திப்பள்ளி, எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு... பஸ் முழுக்க மனப்பாடம் பண்ணிக்கிட்டே போனேன். என் நாவலிலேயே பெஸ்ட் அத்தியாயம். கமா, ஃபுல்ஸ்டாப் மாறாமல் ஒப்பிச்சேன். முதல் நிமிஷம் சத்தமே இல்லை. ரெண்டாவது நிமிஷம் யாரோ ஸ்பூனால் காபியைக் கலக்கினாங்க, அது இடி மாதிரி கேட்டது. மூணாவது நிமிஷம் ஒரு பையன், கிண்டலா இல்லை, நிஜமாவே சந்தேகத்தோடு கேட்டான்:

"அக்கா, புக்கு படிக்கிறீங்களா?"

அதுக்குத்தான் அன்னிக்கு ஹால் சிரிச்சது! என் அஞ்சு நிமிஷத்தின் ஒரே ஜோக்கை அடிச்சவன் அவன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அழலை. கேஜ் போட்டுப் பார்த்தேன். பீஸ் ஏன் ரிஜெக்ட் ஆச்சு?

முதல் தப்பு, பஞ்ச் இருந்த இடம். நாவலில் இப்படி எழுதியிருந்தேன்: 'பதினேழு பஜ்ஜிகளைச் சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்று சொன்ன மாப்பிள்ளை வீட்டாரை அப்பா வாசல்வரை சென்று வழியனுப்பினார்.' படிக்கும்போது ஓகே. கண் திரும்பிப் போய் 'பதினேழு'வைப் பார்க்கும். காது திரும்பிப் போகாது. மேடையில் வெடி கடைசி வார்த்தையில் இருக்கணும். மாத்தினேன்: 'மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தாங்க. ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்னாங்க. லெட்டர் வரலை. எங்கப்பாவுக்கு இன்னிக்கும் அந்த வருத்தம் இருக்கு. கல்யாணம் நின்னதுக்கு இல்ல... பதினேழு பஜ்ஜி!'

ரெண்டாவது தப்பு, நான் ஒளிஞ்சுக்கிட்டது. நாவலில் கதாபாத்திரத்துக்குப் பின்னாடி ஒளியலாம். மேடையில், வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே உங்களைப் பார்த்துடறாங்க. முப்பத்தெட்டு வயசு, தாலி இல்லை. 'பாவம்' என்று ஒரு நினைப்பு வந்துட்டா, அப்புறம் யாரும் சிரிக்க மாட்டாங்க. இரக்கமும் சிரிப்பும் ஒரே சீட்டில் உக்காராது. அதனால் அதை முதல் வரியிலேயே எடுத்துப் போட்டுடணும். 'வணக்கம், வயசு முப்பத்தெட்டு, கல்யாணம் ஆகலை. இப்ப உங்க மனசுக்குள்ள 'பாவம்'னு ஒரு குரல் கேட்டுச்சே... உங்க அத்தை குரல்தானே அது?'

மூணாவது தப்பு, காத்திருக்கத் தெரியாதது. எழுத்தில் ஒரு புள்ளி வெச்சா போதும். மேடையில் அந்தப் புள்ளி ஒரு முழு மூச்சு நீளம். மௌனத்தைப் பார்த்துப் பயந்து அடுத்த வரிக்கு ஓடினால், வர இருந்த சிரிப்பும் போயிடும்.

பிரிட்டனில் விவ் க்ராஸ்காப் என்ற பத்திரிகையாளர் நூறு ராத்திரியில் நூறு மேடை ஏறி, அந்த அனுபவத்தை 2013ல் புத்தகமாகப் போட்டார். எனக்கு நூறு ராத்திரி லீவு கிடையாது. வாரம் ஒரு சனிக்கிழமை போனேன். நாலாவது வாரம் முதல் சிரிப்பு. ஏழாவது வாரம் 'பதினேழு பஜ்ஜி'க்குக் கைத்தட்டல். கேஜ் உள்ளே போயிடுச்சு!

கேஜ் போச்சு... ஆனா?

சிரிப்பு ஒரு போதை நண்பர்களே. ஒரு தடவை கேட்டா, அடுத்த தடவை இன்னும் பெருசா வேணும்.

எதைச் சொன்னா பெருசா சிரிக்கறாங்கன்னு பார்த்தேன். அம்மா. அம்மாவின் சத்தமான குரல், அம்மா போனில் கத்தறது, கன்னடமும் தமிழும் தெலுங்கும் கலந்து திட்டறது. பசுமைக் குடிலில் குனிஞ்சு குனிஞ்சு வேலை பார்த்து அம்மாவின் நடை கொஞ்சம் சாய்ஞ்சிருக்கும். அதையும் நடிச்சுக் காட்டினேன். கடைசியில் என் ஸ்பெஷல் ஐட்டம்: 'ஊர் உலகத்துக் காதலர்களுக்கெல்லாம் ரோஜா கட்டி அனுப்பினது எங்கம்மா. அதுக்கு எங்கப்பா வாழ்க்கையில வாங்கித் தந்த ரோஜா... முட்டை!' ஹால் அதிர்ந்தது.

ஓசூரிலேயே ஒரு சின்ன ஹாலில் நிகழ்ச்சி போட்டாங்க. எங்க ஊர் கூட்டம் ஒரு தனி ரகம். தமிழில் ஜோக் சொல்லி, கன்னடத்தில் திட்டி, தெலுங்கில் மன்னிப்புக் கேட்டாலும் எல்லாம் புரியும். அன்னிக்குப் பின்னி எடுத்தேன். வீட்டில் யாருக்கும் சொல்லலை. ஆனால் சொந்தக்காரப் பையன் ஒருத்தன் போனில் பிடிச்சு, நேரா எங்கம்மாவுக்கே அனுப்பிட்டான்.

வீட்டுக்கு வந்தா, அம்மா சமையல் கட்டில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அந்த நடை வர்ற இடம். திரும்பத் திரும்ப அதையே ஓட்டிப் பார்த்தாங்க. எப்பவும் ஊர் கேக்கப் பேசறவங்க, அன்னிக்கு ரொம்ப மெதுவா கேட்டாங்க:

"உன் புக்குல நான் நல்லாத்தானே இருந்தேன்? இதுல ஏன்டி இப்படி இருக்கேன்?"

என்கிட்ட பதில் இல்லை. அம்மா என் நாவலைப் படிச்சிருக்காங்கன்னே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். தமிழ் அவ்வளவாப் படிக்க வராது. அப்பா படிச்சுக் காட்டியிருக்கார், ராத்திரிக்குப் பத்துப் பக்கமா.

அம்மா கேட்டது சரியான கேள்வி. நாவலில் எனக்கு நூத்தெண்பது பக்கம் இருந்தது. அம்மாவின் குரல் சத்தம்னு ஒரு பக்கத்தில் எழுதினா, பசுமைக் குடிலில் மோட்டார் சத்தத்துக்கு மேல கத்திக் கத்தி அப்படி ஆச்சுன்னு அடுத்த பக்கத்தில் எழுத இடம் இருந்தது. அஞ்சு நிமிஷத்தில் அந்த அடுத்த பக்கத்தைத்தான் நான் வெட்டிப் போட்டிருந்தேன். ரோஜாவை எல்லாம் எடுத்துட்டு, ஜனங்களுக்குத் தண்டை மட்டும் காட்டிட்டு வந்திருக்கேன். காலேஜில் அந்தப் பையன் என் தாவணியைக் கட்டிக்கிட்டு என்ன செஞ்சானோ, அதையேதான் நான் எங்கம்மா நடையை எடுத்துக்கிட்டு செஞ்சிருக்கேன்.

கேஜ் உள்ளே போச்சு. ஆனால் அதுக்கு இன்னொரு முனையும் இருக்குன்னு சொன்னேனே. போகக் கூடாத முனை! அதை நான் செக் பண்ணவே இல்லை.

பஞ்ச் யாருது?

மூணு நாள் அம்மா பேசலை. அம்மா பேசாத வீடு, சிரிக்காத ஹாலைவிட மோசம். நாலாவது நாள் நானே போய் உட்கார்ந்தேன்.

"இனிமே உன்னைப் பத்திப் பேசலம்மா."

"பேசாதன்னு நான் சொன்னேனா? தப்பாப் பேசறங்கறேன்."

"எதும்மா தப்பு?"

"அந்த ரோஜா கதை. உங்கப்பா ரோஜா வாங்கித் தரலதான். தந்திருந்தா மூஞ்சிலேயே அடிச்சிருப்பேன். காலையில இருந்து ராத்திரி வரைக்கும் அதைத்தானே பாக்கறேன்! ராத்திரி வீட்டுக்கு வந்தா கை பூரா முள்ளு. கண்ணு தெரியாது எனக்கு. உங்கப்பாதான் லைட்டுக்குக் கீழ உக்காந்து ஒவ்வொண்ணா எடுக்கும். நீ தூங்கிப் போயிருப்ப. உனக்கு என்ன தெரியும்?"

எனக்குத் தொண்டை அடைச்சுடுச்சு. அப்பா திண்ணையில் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். ஒரே பக்கத்தை ரொம்ப நேரமாப் படிச்சுக்கிட்டு இருந்தார்.

"அப்பா... எதை வெச்சுப்பா முள்ளு எடுப்பீங்க?"

அவர் வாயைத் திறக்கறதுக்குள்ள அம்மா சொன்னாங்க, "எதை வெச்சு? அந்த ஊக்கும் என் தாலியில இருந்ததுதான்டி!"

ரெண்டு நாவல் எழுதினவள் நான். ஆறு மாசமா பஞ்ச் எங்கே வைக்கணும்னு படிச்சவள் நான். கடைசி வார்த்தை வரைக்கும் காத்திருந்து வெடிச்சது எங்கம்மா! நானும் அப்பாவும் சிரிச்ச சிரிப்பில், பக்கத்து வீட்டு அக்கா வந்து என்னாச்சுன்னு எட்டிப் பார்த்தாங்க.

அடுத்த மாசம் அதே ஓசூர் ஹால். இந்த முறை அம்மாவும் அப்பாவும் மூணாவது வரிசையில். நடை நடிச்சுக் காட்டறதைத் தூக்கிட்டேன். அது போனதும் அரை நிமிஷம் மிச்சமாச்சு. அந்த அரை நிமிஷத்தில் அம்மாவின் குரல் ஏன் அவ்வளவு சத்தம் என்ற 'அடுத்த பக்கத்தை' வெச்சேன். கடைசியில் ரோஜா கதை. 'எங்கப்பா எங்கம்மாவுக்கு ஒரு ரோஜா வாங்கித் தந்ததில்லை' என்றேன். சிரிப்பு. 'ஆனா பதினெட்டு வருஷம், ராத்திரி ராத்திரி, எங்கம்மா கையில இருந்து முள்ளு எடுத்தார்' என்றேன். ஹாலில் ஊசி விழுந்தா கேக்கும் அமைதி. முன்னெல்லாம் அந்த அமைதியைப் பார்த்து ஓடியிருப்பேன். அன்னிக்கு நின்னேன். ஒரு முழு மூச்சு. 'எங்கப்பாவுக்கு எவ்வளவு காதல்னு நான் உருகினா, எங்கம்மா சொல்லுது... 'அந்த ஊக்கும் என் தாலியில இருந்ததுதான்டி!''

நான் இதுவரைக்கும் கேட்டதிலேயே பெரிய சிரிப்பு அது. அதில் ஒரு குரல் மட்டும் தனியாக் கேட்டது. மூணாவது வரிசை. மோட்டார் சத்தத்துக்கு மேல பழகின குரல்.

காலேஜில் நாடகம் எழுதிட்டுத் திரைக்குப் பின்னாடி நிக்கிற பொண்ணு உங்க கிளாஸிலும் ஒருத்தி இருப்பா. இல்லை, அது நீங்களாகவே இருக்கலாம். பொண்ணுங்க சொன்னா யாரும் சிரிக்க மாட்டாங்கன்னு யாராவது அன்பா சொன்னா, நம்பாதீங்க. முன்னாடி வாங்க. முதல் தடவை ஆடி மாசமாத்தான் இருக்கும், ஆவணி வந்தே தீரும். அங்கே நின்னு யாரைப் பத்திப் பேசறீங்களோ, அவங்க மூணாவது வரிசையில் உட்கார்ந்திருக்காங்கன்னு மட்டும் நினைச்சுக்குங்க.

ஹாலை விட்டு வெளியே வந்ததும் அம்மா என் கையைப் பிடிச்சு ஓரமா இழுத்தாங்க.

"எவ்ளோ குடுத்தாங்க?"

"குடுக்கலம்மா. நான்தான் அவங்களுக்கு நூத்தம்பது குடுத்தேன்."

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாங்க. சரியா ஒரு மூச்சு காத்திருந்தாங்க.

"அதை விடு. என் ஜோக்குக்கு நீ எவ்ளோ குடுப்ப?"